கண்ணாடிக்கு ஒரு சட்டம், ஓட்டுநருக்கு?

காலை எட்டே காலுக்கு நாகமலை புதுக்கோட்டை நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மதுரையிலிருந்து வரும் வண்டியும் செக்கானூரணிப் பக்கமிருந்து வரும் வண்டியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள், நகரத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள், தூய்மைப் பணிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இரண்டு வாசல்களில் ஏறியாக வேண்டும். படியில் நாலைந்து பேர் தொங்குவார்கள். "மேல ஏறுங்கப்பா, ஏறுனாத்தான் வண்டிய எடுப்பேன்" என்று ஓட்டுநர் கத்துவார். யாராவது ஒருவன் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி அறைவான். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பார், பிறகு ஒன்றும் பேசாமல் கியரைப் போடுவார்.

அப்படி ஒன்றும் பேசாமல் கியரைப் போடுகிற ஓட்டுநர் ஒருவரை நமக்குப் பல வருடங்களாகத் தெரியும். காலனியில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் அரசு சம்பளம் வாங்கிய முதல் ஆள். அவர் பெயரும் ஓட்டும் தடமும் இங்கே வேண்டாம். நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் காலனி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி ஆள் ஏற்றினார். அடுத்து ஊர் நிறுத்தம். இடையில் டீக்கடை வாசலில் நின்ற மூன்று பேர் கை காட்டினார்கள். அது நிறுத்தமில்லை என்பதால் இருபதடி தள்ளி, நிறுத்தத்தில் போய் நின்றார். அவ்வளவுதான். "காலனிக்காரனுக்கு நிப்பாட்டுவ, எங்களுக்கு நிப்பாட்ட மாட்டியா?" என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கன்னத்தில் அறை. பிறகு, எந்த ஊர், யார் மகன் என்று விசாரணை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் சாதிப் பெயர் வந்தது. வண்டியில் ஐம்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளைக்குப் போய்ச் சொன்னபோது அதிகாரி கேட்ட முதல் கேள்வியை அவர் இன்றும் மறக்கவில்லை.

"வண்டி கண்ணாடி ஒடைஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்குப்பா புகார்? நாளைக்கும் அந்த ரூட்லதான வண்டி போகணும்."

"அன்னிக்கு ஒரு கண்ணாடியாவது ஒடைஞ்சிருக்கலாம்ணே" என்று சிரித்துக்கொண்டேதான் நம்மிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட அதிகாரியை மட்டும் குறை சொல்லி இந்தப் பத்தியை முடித்துவிட முடியாது. அவர் சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் யோசித்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் பொதுச்சொத்துகளுக்குச் சேதம் விளைவிப்பதைத் தடுக்க 1992-இல் தனிச்சட்டம் கொண்டுவரப்பட்டது. பிறகு தனியார் சொத்தும் அதில் சேர்ந்தது. பஸ் கண்ணாடியை உடைத்தால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு பாயும். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. சேதத்தை மதிப்பிட்டு வசூலிக்கவும் வழி உண்டு. கலவரம் நடந்த மறுநாள் எத்தனை பேருந்துகளில் கண்ணாடி போனது, எவ்வளவு நட்டம் என்று கணக்கு வருகிறதே, அந்தக் கணக்குக்குப் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரின் நெற்றியில் எத்தனை தையல் போட்டார்கள் என்பது பெரும்பாலும் கணக்கில் வராது.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் 2008-இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் தந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 10 ஆண்டு தண்டனை. தேவையான சட்டம், நமக்கு அதில் மாறுபாடில்லை. ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிற, அதில் குடித்தவரும் கோபக்காரரும் கட்சிக்காரரும் சாதிக்காரரும் இருக்க, தப்பி ஓடவும் முடியாமல் ஒரு இருக்கையில் கட்டுண்டு கிடக்கிற ஓட்டுநருக்கும் அவரோடு நிற்கிற நடத்துநருக்கும் அப்படி ஒரு தனிச்சட்டம் கிடையாது.

சட்டமே இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். பொதுச்சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆம் பிரிவு, பொது ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கத் தாக்கினால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. காயம் ஏற்படுத்தினால் 121-ஆம் பிரிவு. அதில் தண்டனை ஐந்தாண்டு வரை போகும், கொடுங்காயம் என்றால் பத்தாண்டு வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 353, 332, 333. அரசு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவரும் சட்டத்தின் பார்வையில் பொது ஊழியர் என்பதால், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டின் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் இதற்குள் வருவார்கள்.

யார் வரமாட்டார்கள் என்று பார்த்தால்தான் ஓட்டை தெரியும். தனியார் பேருந்து ஓட்டுநர் வரமாட்டார். 2025 ஜூனில் தஞ்சாவூரில் விரிவான மினிபஸ் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. குக்கிராமங்களுக்கெல்லாம் பேருந்து போகும் என்று நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த மினிபஸ்ஸை ஓட்டுகிறவர் தனியாரிடம் சம்பளம் வாங்குகிறவர். காலனிக்கும் ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய சாலையில் மிகத் தனியாகப் போகிறவரும் அவரே. அவரை அடித்தால் அது இரண்டு தனிநபர்களின் சண்டை. இன்னொரு பக்கம், ஒப்பந்த நிறுவனம் வழியாகக் கழகங்களில் ஓட்டுநர் எடுக்கும் பழக்கமும் வந்துவிட்டது. சம்பளம் கொடுப்பது ஒப்பந்தக்காரர் என்றால் "இவர் பொது ஊழியரா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் கேட்பார். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தப் பத்தியில் எதற்கு இந்தத் தொழிற்சங்கப் பேச்சு என்று வாசகர் யாரும் நினைக்கலாம். தென்மாவட்டங்களின் தலித் வரலாற்றை எடுத்துப் பாருங்கள், ஒரு பேருந்து குறுக்கே வராமல் அதைச் சொல்லி முடிக்க முடியாது.

வண்டியில் எழுதிய பெயர்

இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் ஆதிதிராவிடருக்கும் உண்டு என்று அரசாணை வாங்கித் தந்தார். சாலை நமக்கும் உண்டு என்றானது. சாலையில் ஓடிய பேருந்து நமக்கு இல்லை என்றார்கள் முதலாளிகள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்ட பிறகே அந்தக் கதவு திறந்தது. விடுதலைக்குப் பிறகு 1955-இன் தீண்டாமை ஒழிப்புச் சட்டமும், பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொதுவாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கின. ஏறுகிற உரிமைக்கே இவ்வளவு காலம் ஆனது என்றால், அதே வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற உரிமை சும்மாவா வந்திருக்கும்? பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்ற இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் நம் தெருக்களில் காக்கிச் சட்டை காயும் கொடிகள் இவ்வளவு இருந்திருக்காது.

1995 ஜூலை இறுதியில் சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்கள் சிலருக்கும் தகராறு. ஓட்டுநர் ஒரு சாதி, மாணவர்கள் தலித்துகள். இரு பக்கமும் நிதானமாக உட்கார்ந்து பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விவகாரம், ஊர் ஊராகப் பரவிக் கலவரமாகி, ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியதில் போய் நின்றது. கொடியன்குளம் நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அது ஒரு பஸ்ஸில் தொடங்கியது என்பதை நாமே மறந்துவிட்டோம். அங்கே ஓட்டுநர் நம் ஆள் இல்லை, அடிபட்டவர் அவர் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் எந்தச் சாதியாக இருந்தாலும், அவர் மீது விழுகிற அடி நம் கிராமங்களில் சாதியின் அடியாக மாறிவிடுகிறது. தனிச்சட்டம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

இரண்டு வருடம் கழித்து 1997. அன்றைக்கு ஒவ்வொரு போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. நம் மதுரைக்குப் பாண்டியன், நெல்லைக்குக் கட்டபொம்மன், திண்டுக்கல்லுக்கு ராணி மங்கம்மாள், காரைக்குடிக்கு மருதுபாண்டியர், சென்னையில் ஒன்றுக்கு டாக்டர் அம்பேத்கர். நாற்பது வயது தாண்டியவர்கள் இன்றும் "பாண்டியன் பஸ்" என்று சொல்வதைக் கேட்கலாம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்து மே 1-ஆம் தேதி தொடங்க அன்றைய திமுக அரசு முடிவெடுத்தது. சுந்தரலிங்கம் கவர்னகிரியில் பிறந்த தேவேந்திரர். பிறகு நடந்தது ஊரறிந்தது. அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள். கல் பறந்தது. தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. ஜூலையில் அரசு, எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. சுந்தரலிங்கம் போனார், கூடவே பாண்டியனும் போனார், அம்பேத்கரும் போனார்.

அந்த வாரங்களில் கல்லடி பட்ட வண்டிகளை ஓட்டிப் போனவர்களைப் பற்றி யாராவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தோம், நம் கண்ணில் படவில்லை. பெயரை வைத்தவர் முதலமைச்சர், எதிர்த்தவர்கள் அமைப்புகள், நடுவில் கல்லை வாங்கியவர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர். பெயர் நீக்கப்பட்டதை எதிர்த்து நாம் கூட்டம் போட்டோம். அந்த ஓட்டுநர்களுக்கு என்ன ஆனது என்று நாமும் கேட்கவில்லை.

அதே 1997-இல், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதும் மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தில்தான். 2025 மார்ச் 10 அன்று தூத்துக்குடி மாவட்டம் அரியநாயகிபுரம் அருகே, தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை, பேருந்தை மறித்துக் கீழே இழுத்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. பேருந்தை மறித்தால் நின்றுவிடும் என்று வெட்ட வருகிறவர்களுக்குத் தெரியும். நிற்காமல் ஓட்டிப் போக ஓட்டுநருக்குத் துணிச்சல் வேண்டுமானால், அவருக்குப் பின்னால் சட்டமும் நிர்வாகமும் நிற்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். அப்படி ஓட்டிப் போய்க் காவல் நிலைய வாசலில் நிறுத்தினால் "எதுக்கு டிரிப்பை கட் பண்ணின?" என்று மெமோ வராது என்ற உத்தரவாதம் வேண்டும்.

நைட் ஹால்ட்

நகரத்து வாசகர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கடைசி வண்டி இரவு கிராமத்துக்குப் போய் அங்கேயே நின்று, விடியற்காலை முதல் வண்டியாகத் திரும்பும். அதற்கு நைட் ஹால்ட் என்று பெயர். ஓட்டுநரும் நடத்துநரும் அந்த ஊரில்தான் படுக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவு தங்க வேண்டியிருக்கிற இடங்களில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவில் தெளிவாகவே சொன்னது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றதும் அந்தச் சட்டமே. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டம் அதற்குள் கரைந்துபோனது. அறுபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்த அந்த ஒன்பதாம் பிரிவு, நாம் பார்த்த எந்தக் கிராமத்தின் மந்தையிலும் ஒரு கட்டடமாக நிற்கவில்லை. பஸ்ஸின் நீளமான பின் சீட்டுதான் ஓய்வறை.

இதில் தலித் ஓட்டுநருக்குத் தனியாக ஒரு பாடு உண்டு. வண்டி நின்றதும் ஊர்ப் பெரியவர்கள் வந்து அன்பாகத்தான் பேசுவார்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கயா கெழக்கயா?" திசையைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஒருவரும் திட்டமாட்டார்கள். மறுநாள் இரவு சாப்பாட்டுத் தூக்கு வராது. தண்ணீர் கேட்டால் கைக்குழாயைக் காட்டுவார்கள். நடத்துநர் வேறு சாதி என்றால் அவருக்கு மட்டும் திண்ணையில் இடம் கிடைக்கும். நாம் முன்னே சொன்ன ஓட்டுநர் ஒரு வருடம் முழுக்க ஒரு நைட் ஹால்ட் வண்டியில் வேலை பார்த்தார். தினமும் வீட்டிலிருந்தே ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுபோனாராம். "கேட்டு, அவங்க இல்லைன்னு சொல்லி, அதை நான் கேக்கணுமாண்ணே?" என்றார்.

இதை எந்தக் காவல் நிலையத்தில் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது? அடி என்றால் காட்டக் காயமாவது இருக்கும். ஓட்டுநர் பாதுகாப்பு என்று பேசும்போது கம்பிவலை, கண்காணிப்புக் கேமரா, தண்டனை ஆண்டு இவற்றோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். பூட்டுப் போட்ட ஒரு அறையும் ஒரு குடிநீர்க் குழாயும் ஊராட்சிக் கட்டடத்தில் இருந்தால், ஒரு ஓட்டுநர் யாருடைய திண்ணையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கனரகத் தொழில்நுட்பம் ஒன்றும் இதற்குத் தேவையில்லை.

நாம் தமிழ் படித்தவர்கள் என்பதால் ஒன்று தோன்றும். பாரதக் கதையில் கர்ணனை அவமானப்படுத்த நினைத்த ஒவ்வொருவரும் எடுத்த ஆயுதம் "தேரோட்டி மகன்" என்ற ஒரே சொல்தான். ஓட்டுகிறவனின் பிறப்பைக் கேட்கிற பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது பாருங்கள். அதே கதையில் கண்ணன் தேரோட்டினால் அது கௌரவம்.

அதிகாரத்தின் கையும் இதில் சேர்ந்தே இருக்கிறது. 2025 ஜூனில் நம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலேயே, உதவி மேலாளர் ஒருவர் ஓட்டுநரைச் செருப்பால் அடித்த காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அடிபட்டவரின் சாதியை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு தொழிலாளியை அடிக்க ஒருவர் கையில் எடுத்த பொருள் எது என்பதே போதும், அதன் பொருள் நம் தெருவில் பிறந்த எல்லாருக்கும் புரியும். அதற்கு முந்தைய ஆண்டு, 2024 மே மாதம், நாங்குநேரியில் சீருடைக் காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்து நடத்துநரிடம் வாக்குவாதம் செய்தார். டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னதும், நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று அரசுப் பேருந்துகளுக்குக் காவல்துறை அபராதம் போடத் தொடங்கியது. இரண்டு துறைச் செயலாளர்கள் பேசித்தான் அடங்கியது. நடத்துநர் புகார் கொடுக்கப் போகும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

படியில் நிற்பவர் பக்கம்

இதுவரை ஓட்டுநருக்காகப் பேசினோம். இனி எதிர்ப்பக்கம். ஏனென்றால் நம் மக்கள் ஸ்டீயரிங்கில் இருப்பதைவிடப் படிக்கட்டில்தான் அதிகம் இருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில், பாத்திரத்தில் மாட்டிறைச்சி கொண்டுவந்த வயதான தலித் பெண்மணியை அரசுப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். 2021 டிசம்பரில் குமரி மாவட்டத்தில் மீன் விற்றுத் திரும்பிய அம்மாவை நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். சில நாள்களிலேயே அதே மாவட்டத்தில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை, குழந்தையோடு, மூட்டையோடு இறக்கிவிட்டார்கள். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதன் பிறகு காலனி நிறுத்தத்தில் கை காட்டி நிற்கிற பெண்களைப் பார்த்தும் பார்க்காமல் போகிற வண்டிகளைப் பற்றி நமக்கு வராத புகார் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடுமையான ஒரு ஓட்டுநர் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் இருந்திருந்தால், அந்தத் தருமபுரி அம்மா "நான் இறங்க மாட்டேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், வழக்கு யார் மேல் பாய்ந்திருக்கும்? தாலுகா ஆபீஸ் சுவரில் ஒரு பலகை தொங்குமே, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது குற்றம் என்று பிரிவு எண்ணோடு. பட்டா கேட்டு நாலாவது தடவை போய்க் குரலை உயர்த்திய நம் ஆள்களைப் பயமுறுத்தியது அந்தப் பலகைதான். பாதுகாப்புச் சட்டம் எதுவானாலும் அது எளியவர் மேல்தான் முதலில் இறங்கும் என்ற பயம் நமக்கு அனுபவத்திலிருந்து வந்தது. பதினேழு வயதுப் பையன் படியில் தொங்கிக்கொண்டு பஸ் தகரத்தில் அறைந்தான் என்பதற்காக மூன்றாண்டு சிறை என்றால், அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளையாக இருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் படித்துப் பார்க்கலாம். கனடா 2015-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. புதிய குற்றம் எதையும் அது பெரிதாக உண்டாக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் பணியில் இருந்த பொதுப்போக்குவரத்து ஓட்டுநர் என்றால், நீதிபதி தண்டனை விதிக்கும்போது அதைக் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் காரணமாகக் கொள்ள வேண்டும் என்றது. நியூயார்க்கில் போக்குவரத்துத் தொழிலாளியைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை. பேருந்துக்குள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கனடாவில் சட்டம் வந்து இரண்டு வருடத்தில், 2017 பிப்ரவரியில், வின்னிபெக் நகரத்தில் கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகே அந்த நகரத்துப் பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்குத் தடுப்பு பொருத்தினார்கள். இங்கே பெங்களூருவில் 2024 அக்டோபரில், படியிலிருந்து உள்ளே வரச் சொன்ன நடத்துநரைப் பயணி ஒருவர் கத்தியால் குத்தினார். 2025 பிப்ரவரியில் பெலகாவியில் மராத்தி பேசவில்லை என்று நடத்துநரை அடித்து, இரண்டு மாநிலங்களுக்கிடையே பேருந்தே நின்றது. அங்கே மொழி, இங்கே சாதி. அடி வாங்கும் சட்டை ஒரே காக்கி.

ஆகவே நாம் கேட்பது தண்டனை ஆண்டைக் கூட்டுகிற சட்டத்தை அல்ல. ஆண்டுகள் ஏற்கனவே போதும். அரசுக் கழகம், ஒப்பந்தம், தனியார், மினிபஸ் என்ற வேறுபாடு இல்லாமல் பயணிகள் பேருந்தை ஓட்டுகிற, டிக்கெட் போடுகிற எல்லாரும் அதற்குள் வர வேண்டும். தாக்குதல் நடந்தால் புகார்தாரர் நிர்வாகமாக இருக்க வேண்டும். ஓட்டுநர் தனி ஆளாகக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இது மிக முக்கியம், ஏனென்றால் தனி ஆளாகப் புகார் கொடுத்த தலித் ஓட்டுநரின் வீட்டுக்குத்தான் சாயங்காலம் சமரசம் பேச ஆள் வருகிறது. நிர்வாகத்தின் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி நெருக்குகிற அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்க அந்தச் சட்டத்திலேயே வழி வேண்டும். சிகிச்சை நாள்கள் சம்பளத்தோடு கூடிய பணி நாள்களாக வேண்டும், சொந்த விடுப்பில் கழியக் கூடாது. சாதியைச் சொல்லித் திட்டியது புகாரில் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்ப்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடக்கூடாது. இரவு தங்கும் ஊரில் அறையும் தண்ணீரும் அதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதே சட்டத்தின் மறுபக்கத்தில், சாதியோ தொழிலோ உடையோ உணவோ பார்த்துப் பயணியை இறக்கிவிடுகிற, நிறுத்தத்தில் நிற்காமல் போகிற ஊழியருக்கும் நடவடிக்கை இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் படிக்கட்டுச் சேட்டையைச் சிறைக்கு அனுப்பாமல் பள்ளிக்கும் பெற்றோருக்கும் அனுப்புகிற வழியும் வேண்டும். அதைவிட முதலில் எட்டே கால் மணிக்கு இன்னொரு வண்டி விட வேண்டும். புதுக்கோட்டை நிறுத்தத்தில் நடக்கிற பாதிச் சண்டை கூட்டத்தால் வருவது.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்குச் சட்டமன்றம்கூடத் தேவையில்லை.

சட்டம் வரும் வரைக்கும் கையில் இருப்பதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஓடுகிற வண்டியில் நடந்த குற்றத்துக்கு "எங்க எல்லை இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று இனி சொல்ல முடியாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு வழியாக அனுப்பி மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொருந்தும். அந்தச் சட்டத்தின் 18-ஏ பிரிவின்படி வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. அந்தப் பிரிவுகளுக்கு "பொதுமக்கள் பார்வையில் படும் இடம்" என்ற நிபந்தனை உண்டு. வீட்டுக்குள், வயலில் நடந்த வழக்குகள் பல அந்த நிபந்தனையில்தான் அடிபட்டுப் போகின்றன. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிற பேருந்தைவிடப் பொதுப்பார்வை உள்ள இடம் வேறு எது?

ஐம்பது பேரும் இருந்தார்கள் என்றார் அந்த ஓட்டுநர். சாட்சிக்கு யாரையாவது கேட்டீர்களா என்று நாங்கள் கேட்டோம். ஒரு காலேஜ் பெண் மட்டும் இறங்கும்போது "அண்ணே, நான் பாத்தேன், வேணும்னா சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். கிளையில் புகாரே வாங்காததால் அவள் பெயரை எழுதிவைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. போன வாரம் பார்த்தபோது வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். மறுபடியும் ஒரு நைட் ஹால்ட் வண்டி. டீ குடித்துவிட்டு எழுந்தவர், கடைக்காரரிடம் கேனை நீட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.